கினிப்பன்றியின் உரோம உதிர்வு: காரணமறிந்து மருந்திடல்

சீமைப் பெருச்சாளி என்றும் வழங்கப்படும் கினிப்பன்றி, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டைத் தாயகமாகக் கொண்ட சிறு பிராணியாகும். இதன் உரோமம் உதிர்ந்து தோல் வெளித் தெரியுமாயின், வளர்ப்போர் கைக்குக் கிடைத்த களிம்பொன்றைத் தடவிவிடுவது வழக்கம். இது தவறு. உரோம உதிர்வு தனியொரு நோயன்று. பல காரணங்களுக்குரிய பொதுவான வெளிக்குறியே ஆகும். உரோமம் உதிர்ந்த இடம், அரிப்பு உண்டா இல்லையா என்னும் இரண்டையும் முதலில் கவனித்தல் வேண்டும். காதுகளின் பின்புறத்தில் காணப்படும் உரோமமற்ற சிறு பகுதி இயற்கையானது. அதனை நோயெனக் கொள்ளலாகாது.

அரிப்புடன் கூடிய உதிர்வு

பிராணி ஓயாது சொறிந்துகொள்ளுமாயின், சொறிச் சிற்றுண்ணியை ஐயுறுதல் வேண்டும். 1972ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட டிரிக்ஸகாரஸ் கேவியே என்னும் இச்சிற்றுண்ணி தோலைத் துளைத்து வாழ்வது, கண்ணுக்குப் புலப்படாதது. தோள், முதுகு, தொடை ஆகிய இடங்களில் உரோமம் உதிர்ந்து தோல் தடித்துச் செதில் படரும். நோய் முற்றினால் வலிப்புக் கண்டு பிராணி இறத்தலும் உண்டு. தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்குவது நோயறியும் வழியாகும். கால்நடை மருத்துவர் உடல் எடைக்கேற்ப ஐவர்மெக்டின் அளிப்பார். இம்மருந்து முட்டைகளை அழிப்பதில்லையாதலால், இடைவெளி விட்டு மீண்டும் அளிக்கப்படுகிறது.

செதிலுடன் கூடிய உதிர்வு

மூக்கு, கண், காது ஆகியவற்றைச் சுற்றி உரோமம் உதிர்ந்து செதில் தோன்றுமாயின் அது படர்தாமரையாக இருக்கலாம். இது பூஞ்சையால் உண்டாவது, மனிதர்க்கும் தொற்றக்கூடியது. சிறுவர்கள் இப்பிராணியை மடியில் வைத்துக் கொஞ்சுவராதலால், ஆசிரியர்கள் இதில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். நோயுற்றதைத் தனியே பிரித்து, கையுறையணிந்தே கையாள வேண்டும்.

அரிப்பற்ற உதிர்வு

வயது சென்ற பெண் பிராணியின் இரு விலாப்புறங்களிலும் ஒரே அளவில் உரோமம் உதிருமாயின், சூற்பையில் நீர்க்கட்டி இருக்கக்கூடும். களிம்பு இதற்குப் பயன்படாது; மருத்துவரின் பரிசோதனை தேவை. சினையின் இறுதிக் காலத்தில் நேரும் உதிர்வோ, குட்டிகள் பால் மறந்தபின் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கத்தரித்தாற்போல் உரோமம் குட்டையாகவும் தோல் நலமாகவும் இருப்பின், அப்பிராணியோ கூட்டிலுள்ள பிறிதொன்றோ அதனைக் கடித்துத் தின்கிறது எனலாம். உலர்புல்லை மிகுதியாக இடுவதும் பிரித்து வைப்பதும் பலன் தரும்.

உணவும் எச்சரிக்கையும்

மனிதனைப் போலவே கினிப்பன்றியும் தன் உடலில் வைட்டமின் 'சி'யை உண்டாக்க இயலாதது. தானியம் மட்டுமே உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் காண்பதை 1907இல் நார்வே விஞ்ஞானிகளான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகியோர் வெளியிட்டனர். இவ்வைட்டமின் குறைந்தால் உரோமம் பொலிவிழந்து முரடாகும். குடமிளகாய், கொத்தமல்லித் தழை முதலியவற்றை அன்றாடம் புதிதாக அளித்தல் நன்று.

மனிதர்க்குரிய மருந்துகளை இதற்கு ஒருபோதும் கொடுத்தலாகாது. பெனிசிலின் வகை மருந்துகள் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் உயிரைப் போக்கிவிடக் கூடும். ஆகவே உரோமம் உதிர்ந்த இடம், அரிப்பு, வயது, உணவு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அணுகுவதே நலம் பயக்கும்.