உயர்த்திய ஜீப்பை ஓட வைப்பவருக்கே வேலை

காரக்கோணம் பக்கம் மெக்கானிக்காகக் காலூன்ற நினைக்கும் இளைஞர்கள் பழைய ஃபோர் வீல் ஜீப்பின் ஷாஃப்டையும் டிஃப்ரென்ஷியலையும் முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் பட்டை மாற்றி ஜீப்பை உயர்த்திக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அதன்பின் வரும் அதிர்வையும் இழுவைக் குறைவையும் தீர்க்கத் தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை. அடிப்படையைக் கற்க அருகிலேயே தனுவச்சபுரம் அரசு ஐடிஐ இருக்கிறது. மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் பிரிவு என்றால் 2 ஆண்டு படிப்பு.

பட்டையால் சேஸிஸ் உயர்ந்தால் ஷாஃப்டின் சாய்வு கூடும். சாய்ந்து சுழலும் கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கியர் பக்க ஃபிளேஞ்சும் பினியன் ஃபிளேஞ்சும் இணையாக இருந்தால், ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறு முனை சரிக்கட்டிவிடும். நீளமான ஷேக்கிள் போட்டால் ஆக்சிலே திரும்பி அந்த இணை கெடும். வண்டி உதறும், கிராஸ் சீக்கிரம் போகும். கோணமானியால் இரு ஃபிளேஞ்சையும் அளந்து, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்துங்கள். முன் ஆக்சிலில் மட்டும் கவனம் தேவை: பினியனை நேராக்கப் போய் காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் அலையும்.

சிஜே 3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். ஷாஃப்ட் குட்டை என்பதால் சிறிய உயரமும் பெரிய கோணமாகிவிடும். சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்ப்லைன் எவ்வளவு உள்ளே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். போதாவிட்டால் ஷாஃப்டை நீட்டி, கட்டாயம் பேலன்ஸ் செய்யுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது டயர். 28 அங்குல டயருக்குப் பதில் 31 மாட்டினால் 4.88 ரேஷியோ 4.41 போல வேலை செய்யும். மேட்டில் திணறும், கிளட்ச் தேயும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். பழைய இழுவை திரும்ப சுமார் 5.40 வேண்டும். 43-க்கு 8 பல் கொண்ட 5.38 க்ரௌன் பினியன் ஏறக்குறைய அதுவே. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் கெட்டித் தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி உடையும். வாடிக்கையாளர் செலவைக் குறைக்கச் சொல்வார். இந்த ஒரு இடத்தில் இணங்காதீர்கள்.

சட்டத்தையும் தொழிலின் பகுதியாகவே படியுங்கள். தயாரிப்பாளரின் மூல அளவுகளை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20, மார்த்தாண்டத்தின் டிஎன் 75 என எந்தப் பதிவெண் வண்டி வந்தாலும் இது மத்தியச் சட்டம். எல்லை தாண்டினால் தப்பிக்க முடியாது.

ஆகவே சாலையில் ஓடும் வண்டியை உயர்த்தித் தரும் வேலையை ஏற்காதீர்கள். யாரோ உயர்த்தியதைப் பழைய நிலைக்கு இறக்கும் வேலையைத் தேடிப் பிடியுங்கள். அதற்கும் இதே கோணக் கணக்கு, இதே ஸ்ப்லைன், இதே ரேஷியோதான். முதல் நாளில் அளந்ததை எழுதி ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். சில நாள் ஓடியபின் யு போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லுங்கள். அந்த வேலைக்கான கூலியை முதல் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.