இரும்புக் குளிசையால் பிள்ளை கறுக்காது

கொழும்பில் மருதானை, மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு ஓய்வதாக இல்லை. “கிளினிக்கில தாற இரும்புக் குளிசையப் போடாத மகள், பிள்ளை கறுத்துப்போகும். பெருத்தும் போகும், பிறகு வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணும்.” குளிசை அலுமாரிக்குள் போய்விடுகிறது. வீடு தேடி வரும் மிட்வைஃபிடம் “போடுறன் மிஸ்” என்ற பொய் வேறு.

எத்தனை தரம் சொன்னாலும் இந்தக் கதை சாவதில்லை. பிள்ளையின் நிறம் தாய் தகப்பனின் மரபணுவில் இருக்கிறது. இரும்புக்கு அதில் வேலையே இல்லை. குளிசை போடுகிறவளுக்கு மலம் கறுப்பாகப் போவது மெய். உடம்பு உறிஞ்சாமல் விட்ட இரும்பு அது. பிள்ளையின் தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்குக் கட்டுப்படாத நீரிழிவு முக்கிய காரணம். இரும்பு குறைந்து வரும் இரத்தச்சோகை செய்வது நேர்மாறு: குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அத்தனை இரத்தத்துக்குமான இரும்பு சோறு கறியிலிருந்து மட்டும் கிடைக்காது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும், 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் போடச் சொல்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கியவளுக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால், மற்றவள் தாங்கும் இழப்பை அவள் தாங்கமாட்டாள். 1879இல் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை திறந்த நகரம் இந்தக் கொழும்பு. 1940களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்; இன்று அந்தக் கணக்கு சில பத்துகளில் நிற்கிறது. கிளினிக்கும் மிட்வைஃபும் பாடுபட்டுக் கொண்டுவந்த மாற்றத்தை ஒரு வதந்திக்காக அலுமாரிக்குள் பூட்டுவதா?

வயிறு பிரட்டினால், மலம் இறுகினால் கிளினிக்கில் சொல்லுங்கள். போடும் நேரத்தை மாற்றித் தருவார்கள்.

மற்றக் கதைகளுக்கு இத்தனை பேச்சு வேண்டாம். குங்குமப்பூ பிள்ளையை வெள்ளையாக்காது. நன்றாகப் பழுத்த பப்பாசியால் கரு கலையாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது வீண் வதை. பாலூட்டுகிறவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும். மாதவிடாய் நின்றபின் சத்துச் சாப்பாடு எதற்கு என்பதும் பிழை. ஈஸ்ட்ரோஜன் குறைய எலும்பு தேய்வது அப்போதுதான் வேகம் பிடிக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்தலி அந்த வயதுக்கு மிக நல்லது.

இவை எல்லாவற்றையும்விடக் கண்டிக்க வேண்டியது சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி. மருதானை ஸ்டேஷனில் இறங்கி வேலைக்கு ஓடும் பெண்களில் எத்தனையோ பேருக்குக் காலைச் சாப்பாடே பணிசும் பால் தேத்தண்ணியும்தான். தேயிலையில் உள்ள டானின், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்புக்குச் சேர்வது கொஞ்சம். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைக்கும் இதே நட்டம்தான். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியுங்கள், சாப்பிட்டு முடிய ஒரு கொய்யா கடியுங்கள். விட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். கல்சியம் குளிசையை இரும்போடு சேர்த்து விழுங்கவும் வேண்டாம்: ஒன்றைக் காலையில் போட்டால் மற்றதை இரவில் போடுங்கள்.