கட்சிக்காரர் சொல்வதும் கட்டு சொல்வதும்

திருச்சி தில்லை நகரில் வக்கீல் ஆபீஸ்களுக்குப் பொழுது விடிவது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். பகல் முழுக்க சீனியர் கன்டோன்மென்ட் பக்கம் கோர்ட் வளாகத்தில் இருப்பார். இருட்டத் தொடங்கியதும் ஏதோ ஒரு கிராஸ் தெருவில், கீழே மருந்துக் கடையும் பக்கத்தில் ஸ்கேன் சென்டருமாக இருக்கிற மாடிப்படியில் செருப்புகள் சேரும். சிவில் தொழிலுக்கு வருகிற ஜூனியர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த நேரத்தை. ஆர்க்யுமென்ட் அன்று சீனியர் எழுந்து பேசுவதை ஊரே பார்க்கும். அந்தப் பேச்சுக்கான சரக்கு இந்த மேசையில் எப்படிச் சேர்ந்தது என்பது கூட உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

கட்சிக்காரர் முதல் நாள் வழக்கோடு வருவதில்லை, கோபத்தோடு வருகிறார். "அவனை ஒரு நாளாவது உள்ளே வைக்கணும் சார்" என்பார். விசாரித்தால் விஷயம் கைமாற்றுக் கடன் பாக்கி. கோபத்துக்குச் சிவில் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. பண வசூல், சுவாதீனம், பாகப்பிரிவினை, உரிமை விளம்புகை, உறுத்துக்கட்டளை என்று கோர்ட் கொடுக்கக்கூடியது கொஞ்சம்தான். அதனால் நல்ல சீனியர் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "என்ன கிடைச்சா இதை விட்டுட்டு நிம்மதியாத் தூங்குவீங்க?" அந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு எந்தச் சட்டப்படி, எந்தக் கோர்ட்டில், யார் மேல் என்பதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும்.

இதைக் கேட்காமல் மேலே மேலே போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. 1953 மே மாதம் டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார். அது தள்ளுபடி. செஷன்ஸ் கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம், இரண்டிலும் தள்ளுபடி. 1958-ல் உச்ச நீதிமன்றம், கீழ்க் கோர்ட்டுகள் இந்திய தண்டனைச் சட்டம் 295-வது பிரிவைக் குறுக்கிப் படித்துவிட்டன என்று சொன்னது. அதாவது சட்டப் பாயின்ட் செட்டியார் பக்கம். ஆனால் இத்தனை ஆண்டு கழித்து மறுபடி விசாரிக்கச் சொல்ல மாட்டோம் என்று அப்பீலைத் தள்ளிவிட்டது. அந்தச் செயலில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. சட்டத்தை விளக்கிச் சொல்லி வாங்குவது வேறு, பரிகாரம் வாங்குவது வேறு. உங்கள் கட்சிக்காரருக்கு எது வேண்டும் என்பதுதான் பேச்சு.

கேள்வி முடிந்ததும் தேதிப் பட்டியல். ஜூனியர் முதல் மாதத்திலேயே சீனியரிடம் பேர் வாங்க வேண்டுமானால் இதில்தான் வாங்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாள், இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது, அதற்கு நேராக அதை நிரூபிக்கும் காகிதம். காகிதம் இல்லாத வரியில் கேள்விக்குறி. கட்சிக்காரர் அரை மணி நேரம் சொன்ன கதை பத்துப் பன்னிரண்டு வரியில் அடங்கிவிடும். கேள்விக்குறிகள் எங்கே விழுந்தன என்று பார்த்தாலே எதிர்த் தரப்பு எங்கே அடிக்கும் என்று தெரிந்துவிடும்.

தேதி என்றால் காலவரையறை. கடன் பணம் வசூலிக்க 3 ஆண்டு, அசையாச் சொத்தின் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையை மனப்பாடமே செய்துவிடலாம். செக் பவுன்ஸ் இன்னும் கறார். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிராளி கையில் அது கிடைத்த பிறகு பணம் கொடுக்க 15 நாள். கொடுக்கவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "அவர் ஊர்ல இல்ல, வந்ததும் பேசிக்கலாம்னாங்க" என்று சமாதானம் பேசிக்கொண்டே முதல் 30 நாளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். செக் தேதியிலிருந்து 3 மாதம் தாண்டவில்லை என்றால் மறுபடி பேங்கில் போட்டு, அது திரும்பிய நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம். இது தெரிந்த ஜூனியர் அந்தச் சாயங்காலமே ஒரு வழக்கைக் காப்பாற்றிவிடுவார்.

அடுத்தது காகிதம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து வீதிகளில் தாத்தா பேரிலேயே இருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. அடிமனை யாருக்குச் சொந்தம், கோயிலுக்கா குடியிருப்பவருக்கா என்ற பிரச்சினையே அங்கே பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது. இதற்கு மேல் குடும்பத்துக்குள் பாகச் சண்டை வரும். அண்ணன் தம்பி நான்கு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கூர்ச்சீட்டை மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பார்கள். அந்தத் தாளை ஜூனியர் நிதானமாகப் படிக்க வேண்டும். "இன்று முதல் இந்தப் பாகம் இவருக்கு" என்று எழுதியிருந்தால் அதுவே பாகப்பிரிவினைப் பத்திரம். பதிவு செய்யாமல் அதைக் காட்டி உரிமை கேட்க முடியாது. "ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டபடி" என்று எழுதியிருந்தால் அது நடந்து முடிந்ததற்கு ஒரு குறிப்பு. பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் அது விழுந்துவிடாது. ஒரு வீட்டின் கதி ஒரு வினைச்சொல்லின் காலத்தில் தொங்குகிறது. இதோடு தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் சேர்ந்து கட்டு ஆகும்போது, கட்சிக்காரர் சொன்னதற்கும் கட்டு சொல்வதற்கும் நடுவே இடைவெளி தெரியும். அதை அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஃபீஸ் போய்விடுமே என்று தயங்கினால், பின்னால் கூண்டில் குறுக்கு விசாரணையின்போது அவரே தெரிந்துகொள்வார். அப்போது ஃபீஸோடு பேரும் போகும்.

தில்லை நகர் என்றால் வாடகைத் தகராறு இல்லாமல் இருக்குமா? பழைய 1960-ம் வருடத்துச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. கிளினிக்குக்கும் கடைக்கும் இடம் விட்டிருக்கிற பலருக்கு இது இன்னும் தெரியாது. வழக்கு வருவதற்கு முன்பே சொல்லிவைக்கிற வக்கீலைத்தான் அந்தத் தெருவில் அடுத்த முறையும் தேடி வருவார்கள்.

எதிர்த் தரப்புக்கு நிற்கும்போது கதை வேறு. சம்மன் வந்ததும் கட்சிக்காரர் அதை டிராயரில் போட்டுவிட்டு, "பொய் கேஸ் சார், நிக்காது" என்பார். நிற்கும். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான், தாண்டினால் தாமதத்துக்குத் தனி மனு, தனிக் காரணம். எதிருரைக்கும் 30 நாள்; கோர்ட் மனசு வைத்தால் 90 வரை. சம்மன் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி, தொழிலுக்கு வருகிறவர்கள் குறைவாக மதிப்பிடும் வேலைக்கு வருவோம்: சமரசம். பேசி முடிப்பது தோற்றவர் வேலை என்று ஜூனியர்கள் நினைக்கிறார்கள். வழக்கு நடத்தத் தெரிந்தவருக்குத்தான் எப்போது முடிக்க வேண்டும் என்று தெரியும் என்பது என் கட்சி. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2005-லேயே தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்தத் தீர்வு டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பும். சமரச மையத்துக்கே போகாமல் இரண்டு தரப்பும் தாங்களே பேசி முடித்தால்? இதே கேள்வி எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் வந்தது. ஃபீஸைத் திருப்பித் தரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, அதன் நிர்வாகமே அதை எதிர்த்து டெல்லிக்குப் போனது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தாங்களாகவே முடித்துக்கொண்டவர்களுக்கும் திருப்பித் தர வேண்டும் என்று தீர்த்துவிட்டது. கட்சிக்காரரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருவார்கள்.

ஆனால் சமரச மனு எழுதுவதில் அவசரம் கூடாது. அப்பீல் இல்லை என்பது இரண்டு பக்கமும் வெட்டும். "பிரதிவாதி மீதித் தொகையை மாதாமாதம் செலுத்துவார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது வெறும் நல்லெண்ணம். எந்தத் தேதி, எந்தக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் வட்டியோடு உடனே வசூலிக்கலாம், அதற்குப் புது வழக்கு தேவையில்லை, நேரே நிறைவேற்று மனு போடலாம் என்று இருக்க வேண்டும். நிலமோ வீடோ சம்பந்தப்பட்டால் சொத்துத் தபசிலில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒத்துப் போகட்டும். டைப் அடித்ததை இன்னொருவர் உரக்கப் படிக்க, நீங்கள் மூலப்பத்திரத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். செய்யுங்கள்.

ஏனென்றால் டிக்ரி கையில் வந்த பிறகுதான் பலருக்கு வழக்கே தொடங்குகிறது. பெரியம்மாள் எதிர் ராஜாமணி என்கிற தமிழ்நாட்டு வழக்கைப் பாருங்கள். 1980-ல் எழுதிய விற்பனை ஒப்பந்தம், 1986-ல் தீர்ப்பு. அப்பீல்கள் எல்லாம் முடிந்து சுவாதீனம் எடுக்கப் போனால், நாங்கள் குத்தகைதாரர்கள் என்று வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம்தான் அதை முடித்துவைத்தது. அதற்குள் பெரியம்மாள் காலமாகி, வாரிசுகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதே தீர்ப்பில் நாடு முழுக்க நிறைவேற்று மனுக்களின் கணக்கைக் கேட்டார்கள். நிலுவை 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல் என்று வந்தது. ஆகவே பிராது எழுதும் அன்றே கடைசிக் கட்டத்தை யோசிக்க வேண்டும்: சொத்தில் உண்மையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிராளியின் பேரில் பிடிக்கத்தக்க சொத்து ஏதாவது இருக்கிறதா, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க வேண்டுமா? சுவர்த் தகராறு, ஆக்கிரமிப்பு என்றால் அட்வகேட் கமிஷனர் போட மனு கொடுத்து, இன்றைய நிலையைப் பிளானோடு பதிவு செய்துவைப்பது பிற்காலத்துக்கு உதவும்.

கட்சிக்காரருக்குத் தகவல் சொல்வதும் தொழிலில் சேர்த்திதான். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை அவரிடம் கொடுத்து, இ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். வாய்தா முடிந்த அன்றே "இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, நீங்கள் வர வேண்டுமா" என்று வாட்ஸப்பில் மூன்று வரி அனுப்புங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசக் கூடாது, பார் கவுன்சில் விதி தடுக்கிறது. பாக்கி ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. 2000-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஃபீஸ் கொடுக்க முடியாதவர் வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

சீனியரைத் தேடுகிறவர்களுக்கு: அரசு சட்டக் கல்லூரி 1979 முதல் இந்த ஊரில் இருக்கிறது, நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஆபீஸ் கேட்டு அலைகிறவர்கள் குறைவில்லை. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேருவதற்கு முன்பே அதைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: கட்சிக்காரர் பேசும்போது நானும் உள்ளே உட்காரலாமா? "நீ போய் நகல் மனு போட்டுட்டு வாப்பா, அது போதும்" என்று பதில் வந்தால், அடுத்த கிராஸில் இன்னொரு ஆபீஸ் இருக்கிறது.