விட்டு விட்டு ஓடும் டிவிடி: பழுதின் இடமும் தேர்ந்தெடுக்க வேண்டிய வழியும்

வருஷநாட்டு மலைகளிலிருந்து இறங்கிவரும் மூல வைகையை ஒட்டிய கடமலைக்குண்டு போன்ற ஓர் ஊரில், ஒரே குடும்பத்தின் கல்யாணம் வி.எச்.எஸ். கேசட்டிலும், காதுகுத்து டிஜிட்டல் கேமராவின் சிறு கேசட்டிலும், பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா கைப்பேசியிலுமாகச் சிதறிக் கிடப்பது சர்வசாதாரணமான விஷயம். அவற்றையெல்லாம் டிவிடியில் ரைட் செய்து, ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு பிரதியும், பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கு ஒரு பிரதியும் கொடுக்க வேண்டுமென்று விரும்புவது மிகவும் நியாயமான ஆசை. ஆனால் தட்டை ப்ளேயரில் போட்டதும், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் அந்தக் கட்டத்தில் படம் திக்குகிறது. அல்லது கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. அல்லது சத்தம் முன்னே போக உருவம் பின்தங்கி வருகிறது.

அப்பொழுது பெரும்பாலோர் செய்வது இன்னொரு தட்டை வாங்கி, அதே கோப்பை, அதே முறையில் மறுபடியும் ரைட் செய்வதுதான். பழுது தட்டில் இருந்தால் மட்டுமே அந்தப் பிரயத்தனம் பலிக்கும். பழுது கோப்பிலேயே இருக்குமானால், பத்துத் தட்டுகளில் எழுதினாலும் அதே பழுதுதான் பத்துப் பிரதிகளாகப் பெருகும். ஆகையால் எந்தத் தட்டு, எந்த மென்பொருள், எந்த வேகம் என்று ஆராய்வதற்கு முன்னால், பழுது கோப்பிலா, தட்டிலா, ப்ளேயரிலா என்று நிச்சயித்துக்கொள்வதே முதற்காரியம்.

பழுதின் இடத்தை அறிதல்

இதற்குச் செலவில்லாத மூன்று பரீட்சைகள் உண்டு. தட்டிலுள்ள வீடியோ கோப்புகளைக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அங்கிருந்தே வி.எல்.சி. போன்ற ஒரு மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது முதலாவது. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓடும்போதும் அதே இடத்தில் திக்குமானால், குற்றம் கோப்பினுடையது. நகல் எடுக்கும்போதே ஏதோவோர் இடத்தில் கணினி தடுமாறி நின்றுவிடுமானால், குற்றம் தட்டினுடையது. அதே தட்டைப் பக்கத்து வீட்டு ப்ளேயரில் போட்டுப் பார்ப்பது இரண்டாவது. கடையில் விலைக்கு வாங்கிய சினிமா டிவிடி ஒன்றை நம் ப்ளேயரில் ஓட்டிப் பார்ப்பது மூன்றாவது. அதுவும் திக்குமானால் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம் அல்லது லேசரே வலுவிழந்திருக்கலாம்.

பழுது தோன்றும் விதமும் ஒரு சாட்சியே. டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கிச் செல்வதால், முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிக் கடைசிப் பகுதியில் மட்டும் சிதறுகிற தட்டில், தட்டின் தரத்தையோ எழுதிய வேகத்தையோ சந்தேகிக்க வேண்டும். முதல் நிமிஷத்திலிருந்தே சீராக, இடைவிடாமல் சிறு சிறு உதறல் இருக்குமானால், அது பிரேம் கணக்கின் பிழை. ஆட்கள் அசையாமல் நிற்கும்போது தெளிவாகவும், மேளக்காரர் நடக்கும்போதும் கேமரா திரும்பும்போதும் முன்னும் பின்னுமாக அதிர்ந்தும் தெரியுமானால், அது வரிகளின் வரிசை மாறிப்போன பிழை.

பி.ஏ.எல்.லா, என்.டி.எஸ்.சி.யா

நம் தேசத்துப் பழைய டெலிவிஷன் முறை பி.ஏ.எல். ஆகும், அதில் விநாடிக்கு 25 பிரேம்கள், அளவு 720 புள்ளிக்கு 576 வரி. அமெரிக்காவின் பழைய முறையாகிய என்.டி.எஸ்.சி.யில் விநாடிக்கு 29.97 பிரேம்கள், வரிகள் 480. இந்தியாவில் இருக்கிறோமாகையால் எப்பொழுதும் பி.ஏ.எல். முறையையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்பது பரவலான அபிப்பிராயம். வி.எச்.எஸ். கேசட்டுக்கும் டிஜிட்டல் கேசட்டுக்கும் அது முற்றிலும் சரி. கைப்பேசிப் படத்திற்கோ அதுவே உதறலுக்குக் காரணமாகிறது. கைப்பேசி பெரும்பாலும் விநாடிக்கு ஏறத்தாழ 30 பிரேம்கள் பிடிக்கிறது. அதை 25 ஆக்கும்போது ஒவ்வோர் ஆறாவது பிரேமும் கைவிடப்பட்டு, விநாடிக்கு ஐந்து முறை படம் துள்ளுகிறது. அதையே என்.டி.எஸ்.சி.யாக மாற்றினால், ஏறக்குறைய அரை நிமிஷத்திற்கு ஒரு பிரேம்தான் குறையும். அது கண்ணுக்குத் தெரியாது. இங்கே விற்கப்பட்ட ப்ளேயர்களில் பெரும்பாலானவை இரண்டு முறைகளையும் ஓட்டக்கூடியவை. பழைய டெலிவிஷனில் படம் கறுப்பு வெள்ளையாகத் தோன்றினால் மட்டும், ப்ளேயரின் அமைப்புக்குள் சென்று டிவி வகையைப் பி.ஏ.எல். என்று மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசிப் படத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: வெளிச்சத்திற்கேற்பப் பிரேம் வேகம் ஏறி இறங்குவதால், அதை முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான வேகத்திற்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகே டிவிடி வடிவத்திற்கு மாற்ற வேண்டும். இல்லாவிடில் பேச்சும் வாயசைவும் போகப்போகப் பிரிந்துவிடும்.

கேசட் படங்களில் கவனிக்க வேண்டியது வேறு. அவற்றில் ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள் (மேல்வரிகள்), இரட்டை வரிகள் (கீழ்வரிகள்) என்று இரண்டு அரைப்படங்களாகப் பிரிந்து, விநாடிக்கு 50 அரைப்படங்களாக ஓடுகிறது. எந்த அரைப்படம் முதலில் வரவேண்டும் என்பதை மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லியாக வேண்டும். சிறு டிஜிட்டல் கேசட்டில் கீழ்வரிகள் முதலில் வரும், வி.எச்.எஸ். கேசட்டைக் கணினிக்கு ஏற்றும் கருவிகள் பலவற்றில் மேல்வரிகள் முதலில் வரும். இது தவறினால் கணினித் திரையில் பிழை மறைந்துவிடலாம். பழைய குழாய் டெலிவிஷனிலோ அப்பட்டமாகத் தெரியும். 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வீடுதோறும் இலவசமாக வழங்கிய 14 அங்குலக் கலர் டெலிவிஷன் அவ்வகைதான். அது இன்னும் எந்த வீட்டிலாவது ஓடிக்கொண்டிருக்குமானால், பிரதியைப் பரீட்சித்துப் பார்க்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

ஒரு தட்டில் எத்தனை மணி நேரம்

ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. டிவிடி விதிப்படி படத்திற்கு விநாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் கொடுக்கலாம். தரம் உயரட்டுமே என்று அந்த உச்சத்திலேயே வைப்பவர்கள் உண்டு. ஆனால் கையால் ரைட் செய்த தட்டை அந்த வேகத்தில் தடையின்றிப் படித்துக்கொடுக்கப் பழைய ப்ளேயர்களால் இயலாமற்போய், படம் நின்று நின்று ஓடுகிறது. ஒரு மணி நேரப் படத்திற்கு 7 முதல் 8 மெகாபிட்டே போதுமானது. இரண்டு மணி நேரத்தை ஒரே தட்டில் அடக்கினால் படத்திற்கும் சத்தத்திற்கும் சேர்த்து 5.2 மெகாபிட் கிடைக்கும். அது பார்க்கத் தகுந்தது. மூன்று மணி நேரத்தை அடக்கினாலோ 3.5 மெகாபிட்டுக்கும் குறைந்துபோய், அட்சதை தூவும் காட்சியிலும், நாதஸ்வர ஊர்வலத்திலும், கூட்டம் அசையும் இடமெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும்.

நம்மூர்க் கல்யாண வீடியோ மூன்று மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டு ஒன்று, அல்லது ஓரடுக்குத் தட்டுகள் இரண்டு. இரட்டை அடுக்குத் தட்டு ஒன்றாகவே முடிந்துவிடும் சௌகரியம் உடையது. ஆயினும் விலை அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு க்ஷணம் நிற்பதும் உண்டு, பழைய ப்ளேயர்கள் அதைப் படிக்கவே சிரமப்படும். பெண்ணழைப்பை ஒரு தட்டிலும் முகூர்த்தத்தை மற்றொரு தட்டிலுமாகப் பிரித்துவிடுவதே உத்தமம். சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்தால் அதுவே விநாடிக்கு 1.5 மெகாபிட்டை விழுங்கிவிடுமாதலால், டால்பி ஏசி-3 முறையில் 192 அல்லது 224 கிலோபிட்டுக்குச் சுருக்கி, மிஞ்சியதைப் படத்திற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

எந்தத் தட்டு, என்ன வேகம்

டிவிடி-ஆர் 1997-இல் வந்தது. டிவிடி+ஆர் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. இன்றைய ப்ளேயர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மிகப் பழைய ப்ளேயருக்கு முன்னது சற்றே நம்பகமானது. அழித்து எழுதத்தக்க ஆர்.டபிள்யூ. தட்டு வெளிச்சத்தைக் குறைவாகவே பிரதிபலிப்பதால், அதைப் பரீட்சைக்கு மட்டும் உபயோகித்து, நிரந்தரப் பிரதிக்குத் தவிர்க்க வேண்டும். தட்டின்மேல் 16 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பது அதன் உச்ச வேகமேயன்றி, அந்த வேகத்தில்தான் எழுத வேண்டுமென்ற கட்டளையன்று. 8 எக்ஸ் நடுத்தரமானது. வெளிவட்டத்தில் பிழை வந்தால் 4 எக்ஸ் வரை இறங்கலாம். அதற்கும் கீழே இறங்குவதால், வேகமான எழுத்துக்கென்றே தயாரித்த தட்டில் நன்மை ஏதுமில்லை. எழுதி முடித்தபின் மென்பொருளைக்கொண்டு சரிபார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கலாகாது. இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளிலும் அவ்வசதி உண்டு.

மணமக்கள் புகைப்படத்தை ஸ்டிக்கராக அச்சிட்டுத் தட்டின்மேல் ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஒட்டிய காகிதம் ஒருபுறம் கனத்துத் தட்டைச் சுழலும்போது தள்ளாடச் செய்வதும், வெயில் காலத்தில் சுருங்கித் தட்டையே வளைப்பதும் உண்டு. படத்தை உறையில் ஒட்டினால் அலங்காரமும் இருக்கும், தட்டும் பிழைக்கும்.

டிவிடியா, பென்டிரைவா

வீட்டில் யு.எஸ்.பி. வசதியுள்ள புது டெலிவிஷன் இருந்தால், கைப்பேசிப் படத்தை டிவிடியாக மாற்றாமல் எச்.264 கோப்பாகவே பென்டிரைவில் கொடுப்பது மேலானது. ஏனெனில் டிவிடி வடிவத்திற்குச் சுருக்கும்போது இழக்கும் கூர்மை இதில் இழக்கப்படுவதில்லை. பென்டிரைவைப் பழைய டிவிடி ப்ளேயரின் யு.எஸ்.பி. துளையில் செருகுவதால் மட்டும் பயனில்லை; அவற்றில் பல எச்.264 கோப்பைத் திறக்கமாட்டா. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது என்பதால், நீண்ட படத்தைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். டெலிவிஷன் பழையதாகவும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் இணைக்கப்பட்ட ப்ளேயரே கதியாகவும் உள்ள பெரியவர்களின் வீட்டுக்கு, இன்றும் டிவிடியே தகுந்தது.

வீட்டிலா, ஸ்டூடியோவிலா

கைப்பேசிப் படத்தை வீட்டுக் கணினியிலேயே ரைட் செய்யலாம். நடுவே மின்சாரம் நின்றால் தட்டு வீணாகும் ஆதலால், பேட்டரி நிறைந்த லேப்டாப் உத்தமம். வி.எச்.எஸ். கேசட்டைப் பொறுத்தவரை, ஆண்டிபட்டியிலோ தேனியிலோ நல்ல டெக் வைத்திருக்கும் ஸ்டூடியோவிடம் கொடுப்பதே விவேகம். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமே 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே பூஞ்சை பிடித்த கேசட்டை அகப்பட்ட டெக்கில் போட்டு டேப்பை அறுத்துக்கொண்டால் மறுபடி வழியில்லை. ஸ்டூடியோவில் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும்: கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது பிரேம்கள் ஏதேனும் விடுபட்டனவா என்பது ஒன்று, டிவிடியோடு, சுருக்குவதற்கு முந்தைய மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்கில் தருவார்களா என்பது மற்றொன்று. ஏற்றும்போதே விடுபட்ட பிரேமை எந்த மென்பொருளாலும் பின்னர் உண்டாக்க இயலாது. மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி.

முடிவாக

கேசட் படமாயின் பி.ஏ.எல்., வரி வரிசை மூலத்தின்படி. கைப்பேசிப் படமாயின் நிலையான பிரேம் வேகத்தில் என்.டி.எஸ்.சி. அல்லது பென்டிரைவ்; ஒரு தட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு; ஓரடுக்கு டிவிடி-ஆர், 8 எக்ஸ் வேகம், ஸ்டிக்கர் இல்லாமல், சரிபார்த்து. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், மூலக் கோப்பின் இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்குகளில், முடியுமானால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு பழுதானால் மூலத்திலிருந்து இன்னொன்று எழுதிவிடலாம். மூலம் போய்விட்டாலோ, தாத்தாவின் குரலையும் அப்பத்தாவின் நடையையும் எந்தக் கடையிலும் விலை கொடுத்து வாங்க இயலாது.