தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் தொழிலாளரின் பாதங்களில், குறிப்பாக விரலிடுக்குகளில், அரிப்பும் கொப்புளங்களும் தோன்றுவது நெடுநாளைய அனுபவம். 'பானி காவ்', அதாவது நீர்ப்புண், என்று அதற்குப் பெயர். அங்கு மருத்துவராகப் பணியாற்றிய சார்லஸ் பென்ட்லி, மண்ணிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்களுக்கும் இப்புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1902இல் எடுத்துக்காட்டினார். இளம்புழு தோலைத் துளைத்து உடலினுள் புகவல்லது என்பதை, எகிப்தில் ஆய்வு செய்துவந்த ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், தம் கையில் தற்செயலாகச் சிந்திய துளியின் மூலம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டறிந்திருந்தார்.

இப்புழு மண்ணை அடைவது மனித மலத்தின் வழியாகவே. பெண்புழு ஒன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் முட்டை ஓரிரு நாட்களில் பொரிந்து, 5 முதல் 10 நாட்களுக்குள் தொற்றும் திறனுள்ள இளம்புழு உருவாகிறது. தேயிலைச் செடிகளின் அடிநிலம் இதற்கு நாற்றங்கால் போன்றது. வெறுங்காலுடன் இலை கொய்வோரின் தோல் வழியே நுழையும் இளம்புழு, இரத்தத்துடன் நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் நிலைகொள்கிறது.

அங்கு அது குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நெக்கேட்டர் இனப் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏற்படும் இழப்பு சுமார் 0.03 மில்லிலிட்டர், அற்பமே. ஆனால் 100 புழுக்கள் இருப்பின் மாதத்திற்கு 90 மில்லிலிட்டர் ஆகிவிடும். ஆங்கிலோஸ்டோமா இனமாயின் இழப்பு பன்மடங்கு. இரும்புச்சத்துக் குறைந்த உணவை உண்ணும் பெண்ணால் இதனை ஈடுசெய்ய இயலாது. இரத்தச்சோகையும் மூச்சிரைப்பும் தொடர்கின்றன. கருவுற்றிருப்பின் குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். கொய்த இலையின் எடையைக் கொண்டு உழைப்பை அளக்குமிடத்தில் இவளுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி என்பதே.

சிகிச்சை எளிது, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பெரும்பாலும் போதுமானது. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு இம்மருந்து வழங்கப்படுகிறது. இலை கொய்வோரில் பெரும்பாலோர் இவ்வயதைக் கடந்தவர்கள். மேலும், மாத்திரை குடலிலுள்ள புழுவையே நீக்கும்; மண்ணிலுள்ளதை அன்று. குணமடைந்தவருக்கு எதிர்ப்பாற்றல் நிலைப்பதுமில்லை.

தொழிலாளர் எளிதில் அடையத்தக்க கழிப்பிடங்கள் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. குடியிருப்பில் கழிப்பறை இருந்தாலும், கொய்யும் பகுதி அதற்கு வெகுதொலைவில் இருப்பின், எடை குறையுமே என்று அஞ்சும் பெண் செடிகளின் மறைவையே நாடுகிறாள். சில நாட்கள் கழித்து அதே வரிசைக்கு மீண்டும் கொய்ய வரும்போது இளம்புழு அங்கே ஆயத்தமாயிருக்கிறது.