கேள்வி நேரமும் குடவோலையும்

மக்களவையில் விவாத நேரம் கட்சிகளின் உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்பப் பகிரப்படுகிறது. சுயேச்சை உறுப்பினருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. காலை 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தின் முறை வேறு. அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பதற்குரிய நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் நாளொன்றுக்கு 20. அவற்றின் முன்னுரிமையைக் குலுக்கலே முடிவு செய்கிறது. தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலையை இது நினைவூட்டும். குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையிலும் கட்சிப் பெயர் இல்லை.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழையில் நனைந்த குறுவை நெல்லுக்காக அதனைத் தளர்த்தக் கோரும் வினாவைச் சுயேச்சை ஒருவர் அளித்தாலும், ஆளுங்கட்சி உறுப்பினருக்குரிய அதே ஒரு சீட்டு அவருக்கும் உண்டு. ஆயினும் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஐந்தாறு வினாக்களுக்கே முறை வருகிறது. எஞ்சியவற்றுக்கு எழுத்து விடை மட்டுமே; அமைச்சரை மடக்கிக் கேட்கும் துணை வினாவுக்கு அங்கு இடமில்லை.