அப்பாவோட பழைய மாருதி 800: ரீபோர் பண்ணலாமா, இன்ஜெக்‌ஷன் எஞ்சின் போடலாமா?

வீடு பல்லடத்துல, வேலை திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில. அப்பா வாங்கின 1998 மாடல் மாருதி 800 வாசல்ல நிக்குது. இப்போ நீலப் புகை விடுது, ஆயில் குடிக்குது. மெக்கானிக் அண்ணன் சொல்றார்: "ரீபோர் பண்ணலாம் தம்பி. இல்லைன்னா உக்கடத்துல ஒரு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் பார்த்துப் போட்டுட்டா மைலேஜ் அள்ளும்."

அள்ளும்தான். ஆனா எத்தனை ரூபாய்க்கு எவ்வளவு அள்ளும்? வீடியோல வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்க நிதானமா பார்க்கலாம்.

முதல்ல வண்டி விஷயம். கார்புரேட்டர்ல, எஞ்சின் இழுக்கிற காத்தோட பெட்ரோலும் சேர்ந்து உள்ள போகும். இன்ஜெக்‌ஷன்ல, சென்சார்கள் சொல்ற தகவலை வெச்சு ஈ.சி.யூ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து தெளிக்குது. 2000 வாக்குல புகை விதிகள் இறுகினப்போதான் 800-க்கும் இது வந்துச்சு. ரெண்டுமே 796 சிசி, மூணு சிலிண்டர். அதனால "அப்படியே உக்காந்துடும்"னு சொல்வாங்க. எஞ்சின் உக்காரலாம், மத்ததெல்லாம்? ஈ.சி.யூ., முழு வயரிங், சென்சார்கள், டேங்குக்குள்ள பிரஷர் பம்ப், அந்த பிரஷரைத் தாங்குற பெட்ரோல் லைன், ஆக்ஸிஜன் சென்சாரோட சைலன்சர் பைப் எல்லாமே மாறணும். எஞ்சின் ஒரு கடையில, ஈ.சி.யூ. இன்னொரு கடையில வாங்கினா, அப்புறம் ஞாயித்துக்கிழமை எல்லாம் ஒர்க்‌ஷாப்லதான். ஒரே வண்டியிலிருந்து முழு செட்டா எடுத்தா மட்டும் யோசிங்க. ஆம்னி எஞ்சினும் 796 சிசிதானேன்னு கேட்டா, அது பின்சக்கர வண்டி. எஞ்சின் உக்காந்திருக்கிற திசையே வேற.

இப்போ கணக்கு. தொகையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க மெக்கானிக் தர்ற எஸ்டிமேட்டை இதுல போட்டுக்கங்க. போக வர 30 கி.மீ., மாசம் 25 நாள், மொத்தம் 750 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். இப்போ மைலேஜ் 13, இன்ஜெக்‌ஷன் போட்டா 17, செலவு 60,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். மாசம் சுமார் 13.5 லிட்டர் மிச்சம், அதாவது 1,350 ரூபாய். 45 மாசத்துல போட்ட காசு வந்துடும். நல்லாத்தானே இருக்கு?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒப்பிட வேண்டியது கெட்டுப்போன எஞ்சினோட இல்ல, சரி பண்ணின எஞ்சினோட. 25,000 ரூபாய்ல ரீபோர் பண்ணி மைலேஜ் 15-க்கு வந்துட்டா, இன்ஜெக்‌ஷனால கூடுதலா மிச்சமாகுறது மாசம் 6 லிட்டர் கூட இல்ல, 590 ரூபாய்தான். அதுக்காக நீங்க கூடுதலா போடுற 35,000 ரூபாய் திரும்பி வர கிட்டத்தட்ட 5 வருஷம். தறி மோட்டார் எரிஞ்சா புது மோட்டாரா, காயில் கட்டறதான்னு நம்ம ஊர்ல போடுற அதே கணக்குதான் இது.

அந்த 5 வருஷம் வண்டிக்கு இருக்கான்னு ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. 15 வருஷம் முடிஞ்ச பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 1998 வண்டின்னா 2013, 2018, 2023, அடுத்தது 2028. 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி, எஃப்.சி.க்கான பெயின்ட், டிங்கர் வேலை எல்லாம் தனி.

பர்சனல் லோன் போட்டு செய்யலாமான்னா, என் பதில் வேண்டாம். 60,000 ரூபாய், 15% வட்டி, 24 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 2,910 ரூபாய். வட்டி மட்டும் 9,800 ரூபாய்க்கு மேல. 590 ரூபாய் மிச்சம் பிடிக்க 2,910 ரூபாய் கட்டுறதா? வண்டியை விக்கும்போது புது எஞ்சினுக்காக யாரும் அவ்வளவு கூடுதலா தரவும் மாட்டாங்க.

இதையெல்லாம் பார்த்துட்டும் "அப்பா வண்டிங்க, ஓடணும்"னா அதுவும் நியாயம்தான். ஆசைக்குன்னு ஒரு ஆர்.டி. போட்டு, காசு சேர்ந்த பிறகு செய்யுங்க. ஆனா காகிதத்தை விட்டுடாதீங்க. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. அதனால வேற வகை எஞ்சின்னா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு எழுத்துல அனுமதி வாங்குங்க. அதே வகை எஞ்சின்னா வேலை சுலபம்.

பழைய எஞ்சினை பில் இல்லாம வாங்காதீங்க. திருட்டு வண்டியோட எஞ்சினா இருந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். மூணு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் செக் பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் ரொம்பக் குறைஞ்சிருந்தா விட்டுடுங்க. ஆர்.சி.யில புது நம்பர் ஏறினதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதை எழுதிக் கொடுத்து பாலிசியில மாத்திக்கங்க. க்ளெய்ம்னு வந்தா சர்வேயர் முதல்ல பார்க்கிறது சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும்தான்.